ரிவர்ஸ் நல்லா இருக்கு

ராம்பொடை வளைவில் பெரிய துரையின் காரில் முன்னுக்குப் போகிற கியர்கள் நாலும் ஒரே நேரத்தில் உடைந்துபோனதும், நான் அதைப் பின்பக்கமாகவே நுவரெலியா வரை ஏற்றிக்கொண்டு போனதும், வழியில் இரண்டு பஸ்களை முந்தியதும் எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். முப்பது வருடமாகச் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரு பஸ்தான்.

உண்மையில் அந்தக் காரை நான் கழுவினேன். அவ்வளவுதான். ஓட்டியவர் காலமாகிவிட்டார், அது எனக்கு வசதியாகப் போயிற்று.

அடுத்த வீட்டுப் பூரணி ஒரு வெள்ளிக்கிழமை வந்து நின்றாள்.

"இக்னேசியஸ் அண்ணே, வினோதாவுக்கு ஹட்டன்ல டீச்சர் வேலை கெடச்சிருச்சு. திங்கக்கிழமை போயி நிக்கணும்."

வினோதா அவள் மகள். பிறந்ததிலிருந்து கால் வராது. சக்கர நாற்காலியிலிருந்தே பட்டம் வாங்கிய பிள்ளை. நாற்காலியை பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள். ஆட்டோவில் பிள்ளை ஏறினால் நாற்காலி ஏறாது. பின்கதவு திறக்கிற பழைய வேகன் ஒன்று வேண்டும். பூரணி கொழுந்து பறித்து ஓய்ந்தபோது கிடைத்த ஈ.பி.எஃப் பணமும், மகன் கிஷாந்த் கொழும்பு ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் சேர்த்ததும்தான் முதல். தப்பான வண்டி வாங்கினால் இன்னொன்று வாங்க வழியில்லை.

"கிஷாந்த்துக்கு லைசன் இருக்கு, வண்டி பாக்கத் தெரியாது. நீங்க கூட வந்தாப் போதும்ணே."

அப்போதே சொல்லியிருக்கலாம். சட்டையை மாட்டிக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை ஹட்டனில் பார்த்த முதல் வேகன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி மின்னியது. நான் காலடி விரிப்பைத் தூக்கி முகர்ந்தேன். சேற்று நாற்றம்.

"இது தண்ணியில முங்குன வண்டி. வேணாம்."

விற்க வந்தவர் விரிப்பைப் பிடுங்கி உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார். கிஷாந்த் என்னை ஒரு ரிஷியைப் பார்ப்பது போலப் பார்த்தான். கார் கழுவியவனுக்கு விரிப்பைத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? ஆனால் அந்தப் பார்வை என் தலைக்கு ஏறிவிட்டது.

இரண்டாவது வண்டி தலவாக்கலையில், லோஜன் என்பவருடையது. சாம்பல் நிறம், விலையும் கைக்கு எட்டியது. வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்க்க நிறுத்தியிருந்தார். எங்கள் பக்கத்தில் பழைய வண்டியை அப்படித்தான் நிறுத்துவோம். பேட்டரி மக்கர் பண்ணினால் உருட்டி ஸ்டார்ட் செய்யலாம். அதனால் எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

குடைக்காம்பை எஞ்சினில் ஊன்றி மறுமுனையில் காதை வைத்தேன். எஞ்சின் சத்தம் கேட்டது. "மூணாவது பிஸ்டனுக்கு லேசா சளி. வெயில் வந்தா சரியாப் போயிரும்," என்றேன். பின்கதவைத் திறந்து நாற்காலியின் அளவைக் கயிறு வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. கிஷாந்த் ஊரைச் சுற்றி ஓட்டிக் கொண்டுவந்து அதே இறக்கத்தில் நிறுத்தினான்.

"பின்னுக்கும் ஒருக்கா எடுத்துப் பாத்துருவோமா மாமா?"

லோஜன் சிரித்தார். "ராம்பொடையில பின்னுக்கே போன மாஸ்டர் நிக்கிறாரு, நீங்க எதுக்கு தம்பி? மாஸ்டரே எடுக்கட்டும்." சாவியை என் பக்கம் நீட்டினார். கதை தலவாக்கலை வரைக்கும் போயிருந்தது.

சாவி எங்கே போடுவது என்று எனக்குத் தெரியும். அதற்கப்புறம் தெரியாது.

"வேணாம். ரிவர்ஸ் நல்லா இருக்கு. சத்தத்துலயே தெரியுது," என்றேன்.

லோஜன் என் முகத்தைப் பார்க்காமல் பின்கதவை மூடினார். பொய்யனைப் பொய்யனுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது. அப்படியும் கிஷாந்த்தைப் பணத்தை எண்ணச் சொன்னேன்.

ஞாயிறு கோயிலடியில் வண்டிக்குப் பூசை. டயருக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை முன்னுக்குப் போய்த்தான் நசுக்குவார்கள். எந்தச் சாமியும் பின்னுக்கு வரச் சொல்வதில்லை. பூரணி எனக்கு வெற்றிலையில் காசு வைத்து மரியாதை செய்தாள்.

திங்கள் காலை பள்ளிக்கூட வாசல். எதிரே மதில். வினோதாவை இறக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். கிஷாந்த் கியரைத் தள்ளினான், இழுத்தான், திட்டினான்.

"மாமா, ரிவர்ஸ் விழவே மாட்டேங்குது."

பின்னால் ரோட்டில் பள்ளிக்கூட அதிபரின் வண்டி வழி கேட்டு ஹார்ன் அடித்தது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஓடிவந்து "ஏலேலோ" போட்டுத் தள்ளினார்கள். புதுச் சேலையில் இருந்த வினோதா, தன் முதல் நாளை அந்தக் காட்சியோடு தொடங்கினாள். தள்ளி முடித்து ஒரு பிள்ளை கேட்டது: "டீச்சர், நாளைக்கும் வருமா?"

கியர்பாக்ஸைப் பிரிக்க கராஜ் பாஸ் கேட்ட தொகைக்கு வினோதாவின் நாலு மாதச் சம்பளம் வேண்டும். அன்று சாயந்தரம் பூரணியிடம் போனேன்.

"பூரணி, நான் ஜென்மத்துல கார் ஓட்டுனதே இல்ல. கழுவுனதுதான். ராம்பொடை எல்லாம் பொய்."

அவள் ஒரு கணம் முழித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க மனசு நோகக்கூடாதுன்னு இப்படி ஒரு கதையா? போங்கண்ணே! ரொட்டி சுட்டிருக்கேன், சாப்புடுங்க." அங்கிருந்து சர்ச்சுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவரும் சிரித்தார், பஸ் ரெண்டா மூணா என்று கேட்டார். முப்பது வருடப் பொய்யை நம்பிய ஊர், ஒரு நாள் உண்மையை நம்ப மறுத்தது.

செவ்வாய் காலை ஐந்தரைக்கே வண்டியடியில் போய் நின்றேன். அன்றிலிருந்து தினமும் கூடப் போகிறேன். பள்ளிக்கூட வாசலில் இறங்கி, முன்பக்கம் போய், பானட்டில் தோளைக் கொடுத்துப் பன்னிரண்டு அடி பின்னுக்குத் தள்ளுகிறேன். அந்த வண்டிக்கு இப்போது நான்தான் ரிவர்ஸ் கியர். பூரணி ஊரெல்லாம் என்னைத் தங்கமான மனுஷன் என்கிறாள். அதைக் கேட்கும்போது முதுகு வலி பரவாயில்லை என்று இருக்கிறது.

நேற்று நாற்காலியை விரித்துக்கொண்டிருந்தபோது வினோதா மெதுவாகச் சொன்னாள்.

"மாமா, ஞாயித்துக்கிழமை பூசையில ஹேண்ட் பிரேக்க இறக்குங்கன்னு அண்ணன் சொன்னப்ப, நீங்க சீட்ட சாய்ச்சீங்க. அப்பவே எனக்குத் தெரியும்."

பாதி விரித்த நாற்காலியோடு நிமிர்ந்தேன். "அப்பறம் ஏம்மா அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா நம்பவா போறாங்க?" என்று புத்தகங்களை மடியில் அடுக்கிக்கொண்டாள். "நாலு மாசந்தான மாமா. போயித் தள்ளுங்க, பின்னாடி அதிபர் நிக்கிறாரு."

போய்த் தள்ளினேன்.