மாடிவாரி முடிவுகள்

முடிச்சூரில் அந்த அடுக்குமாடியில் மொத்தமே பதினாறு வீடுகள். சங்கத்துக்கு பிரசிடென்ட் தேர்தல் என்றதும் நாடு இரண்டுபட்டுவிட்டது. மழை வெள்ளத்தை இறைக்கப் பெரிய மோட்டார் வாங்குவேன் என்று தரைத்தளத்து லாசரஸ் நின்றார். ஐந்து மாதமாகப் படுத்துக் கிடக்கும் லிஃப்டை மாற்றுவேன் என்று மூன்றாம் மாடி யக்ஞநாராயணன் நின்றார். சங்கத்தில் இருக்கும் பணத்துக்கு இந்த வருஷம் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்.

லாசரஸுக்கு இது விளையாட்டில்லை. 2015 வெள்ளத்தில் அவர் வீட்டு ஃபிரிட்ஜ் மிதந்து வந்து வாசல் கதவை முட்டியது. அன்றிலிருந்து ஐப்பசி பிறந்தாலே ஃபிரிட்ஜைக் கட்டில்மேல் ஏற்றிவிடுவார்.

வீட்டுக்கு ஒரு ஓட்டு. கீழ் இரண்டு தளமும் மோட்டார், மேல் இரண்டும் லிஃப்ட், ஆக எட்டுக்கு எட்டு. ஆனால் இரண்டாம் மாடி சுகுமாரின் புதுக் கார் தரையில்தானே நிற்கிறது? அதைச் சொல்லியே லாசரஸ் ஆளைச் சரிக்கட்டிவிட்டார். ஒன்பதுக்கு ஏழு! லாசரஸ் வீட்டு ஓட்டை மனைவி யூனிஸ் போட்டார், வீட்டுப் பத்திரம் அவர் பேரில் இருந்ததால்.

தேர்தல் அதிகாரி முதல் மாடி லோகநாயகி டீச்சர். இருபது வருஷம் பூத் வேலை பார்த்தவர் சும்மா இருப்பாரா? மாடிக்கொரு பிஸ்கட் டின் வைத்து ஓட்டு வாங்கினார். ஞாயிறு சாயங்காலம் கார் நிறுத்துமிடத்தில் எல்லாரையும் கூட்டி, ஒவ்வொரு டின்னாகத் திறந்தார்.

"மூணாவது மாடி, லிஃப்ட் நாலு. ரெண்டாவது மாடி, லிஃப்ட் மூணு, மோட்டார் ஒண்ணு."

எல்லாரும் சுகுமாரைப் பார்த்தார்கள். சுகுமார் போனைப் பார்த்தார்.

"முதல் மாடி, மோட்டார் நாலு."

லாசரஸ் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"தரைத்தளம், மோட்டார் மூணு, லிஃப்ட் ஒண்ணு. எட்டுக்கு எட்டு. சீட்டுக் குலுக்கிப் போடறேன்."

"கூட இருந்தே குழி பறிச்சது யாரு?" என்று லாசரஸ் பொங்கினார். பக்கத்து வீட்டு அசரியா பதறிப்போய்ச் சத்தியம் செய்தார்.

யூனிஸ் கணவரின் கையைப் பிடித்து இழுத்தார். "என்னங்க, கத்தாதீங்க. நான்தான் போட்டேன்."

"நீயா!"

"வெள்ளத்தப்போ மூணு நாள் யார் வீட்டு ஹால்ல படுத்தோம்? யக்ஞநாராயணன் சார் வீட்லதானே? அந்த மாமிக்கு முட்டி ஆபரேஷன் ஆச்சு. அஞ்சு மாசமா வாசப்படி தாண்டல. வெள்ளம் வந்தா நாம மேல ஏறிடலாம். லிஃப்ட் இல்லாம அவங்க எப்படிங்க கீழ இறங்குவாங்க?"

மூன்று நாளும் அந்த மாமி கையால் சாப்பிட்ட லாசரஸுக்கு, மாமி வெளியே வந்து இத்தனை நாளாயிற்று என்பதுகூடத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அதற்குள் டீச்சர் டின்னைக் குலுக்க ஆரம்பித்திருந்தார்.

"டீச்சர், நிறுத்துங்க. நான் வாபஸ் வாங்கிக்கறேன்."

"ரிசல்ட்டுக்கு அப்புறம் வாபஸ் வாங்க ரூல் இல்ல சார்."

"அப்போ ரூலை மாத்துங்க டீச்சர். மாமி கீழ வரட்டும்."