முழங்கால் வரைக்கும்

காலை ஏழு மணிக்கு என் வீட்டுக்காரர் மிஷின் மேல் ஏறி நின்றார். எடை பார்க்கும் மிஷினைவிடக் கொஞ்சம் பெரிய பலகை. சுவிட்சைப் போட்டால் நிற்கிறவரின் தொடை, வயிறு, கன்னம் எல்லாம் குலுங்கும். சர்க்கரைக்காரர்களுக்கு நல்லது என்று கோயம்புத்தூரிலிருந்து மகள் மதுமதி அனுப்பியது. வந்து பார்க்க அவளுக்கு லீவு இல்லை. மிஷின் மட்டும் இரண்டே நாளில் வந்துவிட்டது.

கமுதி டாக்டர் மிஷினை வேண்டாம் என்று சொல்லவில்லை. மாத்திரையையும் நடையையும் விடக் கூடாது, ஏறும் முன் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், வீட்டுக்குள்ளும் சர்க்கரைக்காரர்கள் போடும் மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு போட வேண்டும் என்றார். காலில் உணர்ச்சி போய்விட்டால் கொல்லைப் பக்கமே போகக் கூடாது என்றும் சொன்னார். அன்றிலிருந்துதான் இவருக்குப் பொய் சொல்லும் வியாதி பிடித்தது. மூன்று ஏக்கர் மிளகாய்க் கொல்லையை அடுத்தவனிடம் வாரத்துக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் மருதுபாண்டியை ஊரில் எவன் மதிப்பான்? காலைக் காட்டச் சொன்னால், "புடிச்சுப் பாக்க நான் என்ன சந்தையில நிக்கிற மாடா?" என்பார்.

மிஷினில் நிற்கும்போது காலில் உணர்ச்சி தெரிகிறதா என்று மகள் போனில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "முழங்கால் வரைக்கும் விர்ருன்னு ஏறுதுத்தா." முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மனுஷன். வழியில் செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்திருக்கிறார். அதைப் பார்த்தும் நான் மகளிடம் வாயைத் திறக்கவில்லை.

என் மேலும் குற்றம் உண்டு. ஆயுதபூஜை அன்று பம்புசெட்டுக்கும் மண்வெட்டிக்கும் வைத்த கையோடு அந்த மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். பொட்டு வைத்த பொருள் மேல் செருப்போடு ஏறலாமா? கழற்றிவிட்டு ஏறுங்கள் என்று சொன்னவள் நான்தான். அந்தச் செருப்பே பிடிக்காத மனிதருக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்த மாதிரி ஆயிற்று.

பத்து நிமிடம் முடிந்து இறங்கினார். பலகையில் இரண்டு பாதமும் பதிந்திருந்தன. ஒன்று வேர்வையில், ஒன்று ரத்தத்தில்.

நாற்காலியில் உட்கார வைத்துக் காலைத் தூக்கி என் மடியில் வைத்தேன். அன்று மறுக்கவில்லை. குதிகாலை ஒட்டிக் கருவேல முள் ஒன்று முழுசாக இறங்கியிருந்தது. எத்தனை நாள் முள்ளோ, சுற்றிலும் தோல் வெளுத்து லேசாக நாற்றம் வந்தது. இதை வைத்துக்கொண்டுதான் பத்து நிமிடமும் குலுங்கியிருக்கிறார். அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. அவர் மேல், மகள் மேல், பொட்டு வைத்த என் கை மேல்.

"இது கூடவா தெரியல உங்களுக்கு?"

"தெரியாம என்ன? நேத்துலேருந்து குத்திக்கிட்டுத்தான் இருக்கு."

ஊக்கை நெருப்பில் காட்டி எடுத்து வந்தேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பதமாகக் கிளறவேண்டும் என்று நினைத்திருந்தேன், தேவைப்படவில்லை. சதை இளகிப்போயிருந்தது, முள் தொட்டதும் வந்துவிட்டது. ஊக்கைக் கீழே வைத்தேன். அரை விரல் நீளம் இருந்த முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர் பல்லைக் கடித்தார். நாற்காலியின் கையை இறுகப் பிடித்தார்.

"மெதுவா எடு லெட்சுமி," என்றார். "வலிக்குது."

முள் என் கையில் ஈரமாகக் கிடந்தது.