கேட்டுக்குள் நின்ற ஆம்புலன்ஸ்

பரிமளாவின் ஊரிலிருந்து விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு ரயில்வே கேட்டைத் தாண்டியாக வேண்டும். ஆம்புலன்ஸ் அதை நெருங்கியபோது அவளுக்கு இரண்டாவது முறையாக வலிப்பு வந்தது. எட்டு மாதக் கர்ப்பிணி. நர்ஸ் இருதயமேரி அவளை ஒருக்களித்துப் பிடித்திருந்தாள். வண்டி வேகம் குறைந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கேட்டில் சிவப்பு விளக்கு.

“இன்னாண்ணா நிறுத்துறீங்க?”

“கேட்டு போடுறாங்கம்மா,” என்றார் டிரைவர் சக்கரபாணி.

“முழுசா எறங்கலயே. போயிடுங்கண்ணா, ஜல்தி!”

சைரனை அலறவிட்டு மிதித்தார். முதல் தடுப்புக்கு அடியில் நுழைந்துவிட்டார்கள். எதிர்த் தடுப்பு அதற்குள் இறங்கியிருந்தது. பிரேக் அடித்ததில் எஞ்சின் அணைந்தது. பின்னாலும் தடுப்பு விழுந்தது. வண்டியின் பின்பாதி தண்டவாளத்தின் மேல். சாவியை மூன்று முறை திருகினார். கிளம்பவில்லை.

கேட் கீப்பர் காந்திமதி சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓடினாள். “வண்டிய வுடுங்க! ஆள எறக்குங்க!”

பரிமளாவின் புருஷன் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கம், சக்கரபாணி கால்பக்கம். ட்ரிப்ஸ் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி மேரி. தடுப்புக்கு அடியில் குனிந்து வெளியே வந்தார்கள். ரயிலின் ஹாரன் விடாமல் அலறியது. கொடியைக் கண்டு ரயில் வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தை நெளித்துச் சுழற்றி, ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் நின்றது.

கேட்டுக்கு வெளியே மல்லாட்டைக் கடலை மூட்டைகளோடு ஒரு குட்டியானை லோடு வண்டி நின்றிருந்தது. நான்கு பேர் மூட்டைகளைச் சாலையில் தள்ளினார்கள். அதில்தான் பரிமளா விழுப்புரம் போனாள். அன்று சாயங்காலம் ஆபரேஷன். தாயும் பிழைத்தாள், எடை குறைந்த பெண் குழந்தையும் பிழைத்தது.

காந்திமதியை சஸ்பெண்ட் செய்தார்கள். வண்டி உள்ளே வந்ததைப் பார்க்காமல் கேட்டை மூடினாளா என்று விசாரணை.

விசாரணைக்குப் பத்து நாள் முன்பு சக்கரபாணி திண்டிவனத்தில் மேரியின் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

“லைட்டு எரியலன்னு சொல்லிடலாம்மா. அந்தப் பரிமளா புருஷனும் அப்படித்தான் சொல்றேன்றாரு. இல்லன்னா நம்ம ரெண்டு பேரு வேலையும் போயிடும்.”

“அந்தக்கா நமக்காக ரயிலுக்கு எதிர்ல ஓடுனாங்கண்ணா.”

“தெரியும்மா. எம் பொண்ணு பன்னெண்டாவது படிச்சிக்கினு இருக்குறா.”

மேரிக்கு அதற்குமேல் சோறு இறங்கவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். சர்ச்சுக்குப் போய்ப் பாதிப் பூசையில் எழுந்து வந்தாள். உடம்பு ஓரிடத்தில் நிற்க மறுத்தது.

விழுப்புரத்தில் விசாரணை அறைக்கு வெளியே காந்திமதி, முழங்காலில் கட்டோடு, பெஞ்சில் இருந்தாள். சரளைக்கல்லில் விழுந்த காயம். மேரியைப் பார்த்ததும், “அந்தப் பொண்ணு எப்படி இருக்குது?” என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

சக்கரபாணி முதலில் உள்ளே போய்விட்டு வந்தார். லைட்டு எரியவில்லை என்று சொல்லியிருந்தார். அடுத்து மேரி.

“நீங்க கேட்டுக்குள்ள வரும்போது சிவப்பு விளக்கு எரிஞ்சுதா?”

“எரிஞ்சுது சார். டிரைவரண்ணன் நிறுத்தத்தான் பாத்தாரு. போகச் சொன்னது நான்.”

அதிகாரி எழுதுவதை நிறுத்தி அவளைப் பார்த்தார். “யோசிச்சுதான் சொல்றீங்களா?”

“பத்து நாளா யோசிச்சேன் சார்.”

வெளியே வந்ததும் சக்கரபாணியிடம் போனாள். “எரிஞ்சுதுன்னு சொல்லிட்டேண்ணா.”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நீ கத்தலன்னாலும் மிதிச்சிருப்பேனோ இன்னாவோ,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கினார்.

காந்திமதி ஒரு மாதத்தில் கேட்டுக்குத் திரும்பினாள். மேரிக்கு மூன்று மாதம் வேலை இல்லை. சக்கரபாணிக்கு வேலையே போயிற்று. இப்போது கல்குவாரியில் லாரி ஓட்டுகிறார். மேரி வாரம் ஒருமுறை போன் செய்கிறாள். அவர் எடுப்பதில்லை. அவர் மகள் மட்டும் ஒருமுறை எடுத்து, “அப்பா தூங்குறாருக்கா,” என்றாள். அப்போது மணி காலை பதினொன்று.