எண்ணெய் ஊறும் நேரம்

செங்கல்வராயன் பஸ்ஸில் டூட்டி முடிந்து பூஞ்சேரிக்கு வந்து சேர்ந்தபோது, அவன் அம்மா சம்பூர்ணம் எதிர்வீட்டுத் தையல்காரரிடம் பெரிய கத்தரிக்கோலை இரவல் வாங்கிக்கொண்டு தெருவைத் தாண்டி வந்துகொண்டிருந்தாள். கிணற்றடிக் கல்லில் அவன் மனைவி அம்சா உட்கார்ந்திருந்தாள். தலையைச் சுற்றி எப்போதும் கட்டியிருக்கும் துண்டை அவிழ்த்து மடியில் வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்முதல் அவன் எதிரில்கூட அவள் அந்தத் துண்டை எடுத்ததில்லை.

டைபாய்டு காய்ச்சலில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தவள் அவள். உயிர் தங்குமா தங்காதா என்று இருந்த நேரத்தில் தலைமுடியை யார் கவனித்தார்கள்? இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி வேர்வையிலும் தலையணையிலும் புரண்டு புரண்டு, பிடரியில் உரித்த தேங்காய் அளவுக்கு ஒரே உருண்டையாகத் திரண்டுவிட்டிருந்தது. விரல்கூட அதற்குள் நுழையவில்லை.

"இன்னாம்மா பண்ற?"

"பின்ன இன்னா பண்ணச் சொல்ற? சீப்பு எறங்கல. பேன் மொய்க்குது. முடிதான, நறுக்கிட்டா தன்னால வளருது."

அம்சா அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "வெட்டிடட்டும் மாமா. கனம் தாங்கல."

சொல்லும்போதே அவள் கை பின்னால் போய் அந்த உருண்டையைப் பொத்திப் பிடித்திருந்தது. அது அவளுக்கே தெரியவில்லை. செங்கல்வராயன் அம்மா கையிலிருந்த கத்தரிக்கோலை வாங்கினான். தெருவைத் தாண்டிப் போய்த் தையல்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தான்.

மறுநாள் செங்கல்பட்டில் பஸ் நின்ற நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். அம்சாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் சாராள், நடந்துகொண்டே சொன்னாள்: "தண்ணி படறதுக்கு முன்னாடி எண்ணெய் வைங்க. நல்லா ஊறட்டும். எண்ணெயிலயே சிக்கு எடுத்துட்டு அப்புறம் அலசுங்க. சீயக்காய் வேணாம், தூள் உள்ள மாட்டிக்கும். பட்டணத்துல ஷாம்பு விக்கிறான் பாருங்க, அது வாங்குங்க."

மெட்ராஸ் லைனில் ஓடும் டிரைவர் வரதன் அதை வாங்கி வந்தான். மதுவிலக்குக் காலம். காகிதம் சுற்றிய பாட்டிலில் மஞ்சளாக ஏதோ தளும்புவதைப் பார்த்த சம்பூர்ணம் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். "அடப்பாவி, போலீசு வந்தா இன்னாடா சொல்லுவ?" என்று அடிக்குரலில் கேட்டாள். செங்கல்வராயன் மூடியைத் திறந்து அவள் மூக்கருகே நீட்டியதும், "ஐய, பூ வாசன" என்று அசடு வழிந்தாள். ஆனால் காய்ச்சல் பட்ட உடம்பில் எண்ணெய் வைத்தால் ஜன்னி கண்டுவிடும் என்பதில் மட்டும் உறுதியாக நின்றாள். நர்ஸே சொன்னாள் என்ற பிறகுதான் விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கலந்து அடுப்பில் ஏற்றினாள். "ஆம்பள செய்ற வேலையாடா இது?" என்ற முணுமுணுப்போடுதான் இறக்கியும் வைத்தாள்.

லீவு நாளில் கொல்லைப்பக்கம் வேப்பமர நிழலில் அம்சாவை மணையில் உட்காரவைத்துப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்தான். வெதுவெதுப்பான எண்ணெயைக் கையில் அள்ளி அள்ளி அந்த உருண்டையில் விட்டான். முதலில் அது எண்ணெயைக் குடிக்கவே இல்லை. மேலாகவே வழிந்து அவள் முதுகில் இறங்கியது. மெல்ல மெல்லத்தான் இளகியது. அடிநுனியில் ஒரு இழை பிரிந்து வந்தது. அதை விட்டு அடுத்தது. வெயில் நகர நகர மணையையும் முக்காலியையும் நகர்த்திக்கொண்டார்கள். அவள் மாமியார் பிடித்திழுத்தபோதெல்லாம் அழுதவள், இப்போது தூங்குகிறவள்போல இருந்தாள்.

நெடுநேரம் கழித்து, முன்னால் பார்த்தபடியே கேட்டாள். "ஆஸ்பத்திரில கொஞ்ச நாளு நீ வரவே இல்ல."

அவன் விரல்கள் நின்றன. "வந்தேன். சன்னலாண்ட நின்னு பாத்துட்டுப் போயிட்டேன்."

"உள்ள வர்றதுக்கு இன்னா?"

"ஒரு நாளு என்னப் பாத்து, 'நீ யாரு'ன்னு கேட்ட. ஜொரத்துல கேட்டதுதான். ஆனா மறுபடி கேட்டுடுவியோன்னு பயமா இருந்துச்சி."

முகத்துக்கு முகம் பார்த்திருந்தால் அவனால் இதைச் சொல்லியிருக்க முடியாது. அவள் முதுகு ஒருமுறை குலுங்கி அடங்கியது. வேப்பம்பூ ஒன்று எண்ணெயில் விழுந்தது. அதை எடுத்துப் போட்டான்.

"வலிக்குதான்னு ஒரு வார்த்த கேக்கறியா நீ?" என்றாள்.

"வலிக்குதா?"

"இல்ல. சும்மா கேளு."

ஒரே நாளில் முடிகிற வேலையாக அது இருக்கவில்லை. அடுத்தடுத்த லீவு நாட்களும் அதிலேயே போயின. கடைசி முடிச்சு பிரிந்த அன்று ஷாம்புவைத் தேய்த்துத் தண்ணீர் ஊற்றினான். கிணற்றடி முழுக்க நுரை. "இன்னாடா இது, பொங்கிகினே கீது!" என்று சம்பூர்ணம் புடவையைத் தூக்கிக்கொண்டு நுரைக்குள் நின்றாள். அம்சா வெயிலில் முடியை விரித்தபோது அது பழையபடி இடுப்பைத் தாண்டி விழுந்தது. அக்கம்பக்கத்துப் பெண்களெல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

ஆனால் ஆடி பிறப்பதற்குள் முடி கொட்ட ஆரம்பித்தது. சீப்பு வைத்தால் கொத்துக்கொத்தாக வந்தது. பெரிய காய்ச்சலுக்குப் பின்னால் அப்படித்தான் கொட்டும், திரும்ப முளைக்கும் என்று சாராள் சொல்லியனுப்பினாள். செங்கல்வராயனுக்குச் சோறு இறங்கவில்லை. உதிர்ந்த முடியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

அம்சாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நீ பட்ட பாட்டப் பாத்து அதுக்கே வெக்கமா பூட்ச்சி மாமா. அதான் வுழுது." அவன் சிரிக்காததைப் பார்த்து, உருண்டையை அவன் கையிலிருந்து வாங்கித் தூர எறிந்துவிட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டாள்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு லீவு நாள். மெலிந்த பின்னலுக்கு முன்னால் நெற்றியோரம் புதுமுடி குச்சிகுச்சியாக நின்றது. எடுப்பதற்குச் சிக்கு ஒன்றுமில்லை. இருந்தும் அம்சா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவன் முன்னால் உட்கார்ந்தாள். அவனும் கையை நனைத்துக்கொண்டான். அடுப்படியிலிருந்து சம்பூர்ணம் இருவரையும் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அம்சாவுக்கு முதுகைக் காட்டி, ஈரத்தரையில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய், தன் நரைத்த கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.