அளவெடுத்துத் தைத்த சத்தம்

தையல் மெஷினை அறையிலிருந்து வெளியே தூக்க இரண்டு ஆட்கள் வேண்டியிருந்தது. அந்த இடத்துக்கு வந்த கம்ப்யூட்டரை, ஸ்பீக்கர் பொருத்த வந்த சவுண்டுக்காரர் ஒற்றை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. இதற்குப் போய் ஒரு முழு அறையா என்று தையல்காரி வாய்விட்டே கேட்டாள்.

“பெட்டி சின்னதுதான். சத்தத்துக்கு இடம் வேணும்ல?” என்றார் அவள் கணவர்.

அவர் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் அடுத்தவன் செய்த பொருளில் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவருக்கு, ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து வீட்டை விட்டால் வேறு தொழிற்சாலை இல்லை. குழாய், கதவு, மனைவி என்று வரிசையாகச் சோதித்து முடித்துவிட்டுக் கடைசியில் சங்கீதத்தில் வந்து இறங்கினார். வீட்டில் எண்ணூறு சிடிக்கள் இருந்தன, கேசட்டுகள் ஒரு இருநூறு தேறும். அத்தனையையும் கம்ப்யூட்டருக்குள் ஏற்றி, நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் கேட்பது என்று திட்டம்.

அதற்கு அவர் பிடித்துக்கொண்டது வாசலை ஒட்டிய முன்னறையை. பத்தொன்பது வருஷமாக அது தையல் அறை. தெருவிலிருந்து நேரே நுழைய அதற்குத் தனிக் கதவு உண்டு. உள்ளே ஆளுயரக் கண்ணாடி, உடை மாற்ற ஒரு திரை. பெண்கள் வருவார்கள், அளவு கொடுப்பார்கள், போட்டுப் பார்ப்பார்கள், இடுப்புச் சதையையும் மாமியாரையும் பற்றி நாலு வார்த்தை சொல்லி மனசை இறக்கிவைத்துவிட்டுப் போவார்கள். தன் கைத்தையலைவிட அந்தத் தனிக் கதவுக்காகத்தான் பாதிப் பேர் வருகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“வேற ரூமே கிடைக்கலையா உங்களுக்கு?”

“மத்ததெல்லாம் சதுரம். சதுர ரூம்ல பாஸ், அதான் அடிச்சத்தம், மூலையில போய் உக்காந்துக்கும்.”

“அதுக்காவது உக்கார ஒரு மூலை இருக்கு. நான் எங்க போய் உக்கார்றது?”

“பாத்ரூம் பக்கத்து நடையில தாராளமா இடம் கிடக்குதே.”

தாராளம் என்றால், மெஷினைப் போட்ட பிறகு ஓர் ஆள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போகலாம், அவ்வளவு தாராளம். கண்ணாடிக்கு அங்கே இடமில்லை. அது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கையறையில் நின்றது.

அவள் அழவில்லை. பேரம் பேசினாள். “சரி. உங்க ரசிகர் குழு வந்து கேக்கட்டும். அவங்க நல்லா இல்லைன்னு சொன்னா என் ரூம் எனக்கு வந்துடணும்.”

“வந்துடும்.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

“வந்துடும்னுட்டேன்ல! என் வாக்குக்கும் ஒரு தரம் இருக்கும்மா.”

ரசிகர் குழு என்பது மாதம் ஒரு வீட்டில் கூடும் ஐந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள். பாட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது அங்கே சின்னப் பிள்ளைத்தனம். ‘காற்றோட்டமாக இருக்கிறது’, ‘வயலினுக்குப் பின்னால் சுவர் தெரிகிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். போன வருஷம் ஒருவர் வீட்டில் புல்லாங்குழலுக்கு ஜலதோஷம் பிடித்திருப்பதாகத் தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வீட்டுக்காரர் நாலு மாதம் குழுவின் பக்கமே தலைகாட்டவில்லை. இப்படிப்பட்ட ஈவிரக்கம் இல்லாதவர்களை நம்பித்தான் தையல்காரி கையெழுத்தில்லாத அந்த ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டாள்.

ஆறு வாரம் வேலை நடந்தது. ஒவ்வொரு சிடியாகக் கம்ப்யூட்டர் விழுங்கித் துப்பியது. பாடியவர் பெயர் தெரியாத இடத்திலெல்லாம் அது தானாகவே ‘அறியப்படாத பாடகர்’ என்று எழுதிக்கொண்டதால், கடைசியில் கணக்குப் பார்த்தபோது அந்த வீட்டிலேயே அதிகம் பாடியிருந்தவர் அவர்தான். இழுத்து இழுத்து மெலிந்துபோன கேசட்டுகளையும் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தில் ஏற்றச் சொன்னார் கணவர். கேசட்டின் சாதா இரைச்சல் உயர்தர இரைச்சலாகப் பதவி உயர்வு பெற்றது. கம்ப்யூட்டரில் விசிறிச் சத்தம் வரக்கூடாதென்று விசிறியே இல்லாத பெட்டியாக வாங்கியிருந்தார். அப்புறம் மேலே ஓடும் மின்விசிறி மட்டும் எதற்கு என்று அதையும் நிறுத்தினார். கம்ப்யூட்டர் குளுகுளுவென்று இருந்தது. அவர் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. அவர் கேட்கும் நேரத்தில் மிக்ஸி போடக்கூடாது, சிக்னல் அழுக்காகும் என்று சமையலறைக்கும் ஓர் உத்தரவு பறந்தது.

பிறகு அறையை அளக்கும் நாள் வந்தது.

அவர் தலை இருக்க வேண்டிய உயரத்தில் ஒரு கம்பியை நட்டு, அதன் முனையில் பென்சில் மாதிரி மைக்கை மாட்டினார் சவுண்டுக்காரர். ஸ்பீக்கர் ஓர் ஒலியை எழுப்பும். அது அடிவயிற்று உறுமலில் தொடங்கி, மேலே மேலே ஏறி, கீச்சென்று நுனியில் போய் முடியும். மைக் கேட்டுச் சொல்வதைக் கம்ப்யூட்டர் கோடாகப் போடும். தையல்காரி வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு நடையோரம் நின்று பார்த்தாள்.

ஒலி கிளம்பியது. ஜன்னல் அதிர்ந்தது. ஏறியது. பாதி தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் கணவர் கையை உயர்த்தினார்.

“நின்னுடுச்சு.”

நிற்கவில்லை. அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. தையல்காரியின் காதுக்குள் ஈர்க்குச்சியை விட்டுத் திருகுவது போலிருந்தது.

“பாத்தீங்களா? அந்த இடத்துல கட் ஆவுது. ஸ்பீக்கர்ல கோளாறு.”

சவுண்டுக்காரர் திரையைப் பார்த்தார். கோடு கடைசிவரை அழகாகப் போயிருந்தது. அவரைப் பார்த்தார். பிறகு நடையோரம் நின்றவளைப் பார்த்தார். “ஒயரை மாத்திப் பாப்போம் சார்” என்றார்.

ஒயரை மாற்றினார்கள். ஸ்பீக்கர்களை இடம் மாற்றினார்கள். மூன்று தடவையும் ஒரே இடத்தில் கை உயர்ந்தது. தரக்கட்டுப்பாட்டில் கணவர் அன்றும் பிசகவில்லை. ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லாமல் அதே இடம்.

டீ கொடுக்கும் சாக்கில் அவள் சவுண்டுக்காரரைச் சமையலறை வாசலில் பிடித்தாள். “அவருக்குக் கேக்கலைதானே?”

“அக்கா, ஸ்பீக்கருக்குக் கோளாறுன்னா நான் சரி பண்ணலாம். காதுக்குக் கோளாறுன்னு சொன்னா என்னைத்தான் வெளிய போகச் சொல்வாரு.”

“அப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“அவருக்குக் கேக்குற வரைக்கும் மேல் சத்தத்தை ஏத்தி விட்டுடறேன். கம்ப்யூட்டர்தானே, எப்படி வேணா வளைக்கலாம்.”

வளைத்தார். கணவர் ‘இன்னும்’, ‘இன்னும்’ என்று சொல்லச் சொல்ல ஏற்றினார். ஒரு கட்டத்தில் கணவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. “இது! இதுதான் உண்மையான சவுண்ட்.” அந்த உண்மையான சவுண்டில் பாடகியின் ஒவ்வொரு ‘ஸ’வும் பிளேடு மாதிரி வந்து கீறியது. ஜால்ராக்காரர் கேட்பவரின் பல்லில்தான் ஜால்ரா தட்டினார்.

தையல்காரிக்கு விஷயம் தன் தொழில் வழியாகப் புரிந்தது. ஒரு தோள் இறங்கின ஆளுக்குத் தைக்கும் சட்டையில் அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் இறக்கி வெட்டினால், போட்டிருப்பவருக்கு நேராகத்தான் இருக்கும். ஹேங்கரில் மாட்டினால்தான் கோணல் தெரியும்.

அன்றைக்கே அவரைத் தனியாக உட்காரவைத்து, ‘என்னங்க, ஒரு தடவை காது டாக்டரைப் பாத்துடலாமா’ என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ரசிகர் குழு வரப்போகிறது. இந்தச் சத்தத்தைக் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். அறை கைக்கு வரும். பிறகு டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம். வாடிக்கைக்காரி ஒருத்திக்கு வேலை நேர்காணலுக்காகக் கோட்டு ஒன்று தைத்துக்கொண்டிருந்தாள், அவளிடம் போனில், “ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து போட்டுப் பாரு. பழைய ரூம்லயே பாக்கலாம்” என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

ஞாயிறு மாலை ஐந்து பேரும் வந்து, நாற்காலிகளில் சாய்ந்து, தீர்ப்பு சொல்லும் முகங்களை மாட்டிக்கொண்டார்கள். சவுண்டுக்காரர் கம்ப்யூட்டர் பக்கத்தில் நின்றார். தையல்காரி காதில் பஞ்சை வைத்துக்கொண்டு டீத்தட்டோடு கதவோரம் நின்றாள். பாட்டு தொடங்கியது. பஞ்சைத் தாண்டியும் கீறியது. அவள் ஐந்து முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். இதோ ஓடப் போகிறார்கள்.

யாரும் ஓடவில்லை. ஒருவர் கண்ணை மூடினார். இன்னொருவர் முன்னால் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பாட்டு முடிந்ததும், குழுவிலேயே கடுமையான வாய்க்காரர் என்று பேரெடுத்த முன்னாள் வங்கி மேலாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“இந்தப் பாட்டுல ஒரு சின்ன மணி உண்டுய்யா. அதைக் கேட்டு இருபது வருஷம் ஆச்சு. நம்ம வீட்டு சிஸ்டத்துல வரவே மாட்டேங்குது.”

“என் வீட்லயும் வரல.”

“எனக்கும்தான். இது வேற லெவல்.”

ஐந்து பேருக்கும் அதே தோள் இறங்கியிருந்தது. சட்டை ஐந்து பேருக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

தட்டை அவள் கீழே வைத்தாள். “மணி உங்க வீட்லயும் அடிச்சுட்டுத்தான் இருக்கு. உங்க யாருக்கும் காது சரியாக் கேக்கல.”

கணவர் சிரித்தார். “பத்தொன்பது வருஷமா தையல் மெஷின் சத்தத்துலயே இருந்த காது. அதுக்கு இதெல்லாம் குத்தத்தான் செய்யும்.”

“நான் சொல்றது பொய்னா இவரைக் கேளுங்க. அன்னிக்குக் கோடு போட்டாரே, அவருக்குத் தெரியும்.”

ஆறு தலைகளும் சவுண்டுக்காரர் பக்கம் திரும்பின. அவர் அவளைப் பார்க்கவில்லை. ஐந்து விருந்தாளிகளை, வீட்டுக்கு ஒன்றாக ஐந்து அறைகளைப் பார்த்தார்.

“ரூமுக்கு ஏத்த மாதிரிதான் மேடம் செட் பண்ணியிருக்கு. பழகாத காதுக்கு முதல்ல கொஞ்சம் ஷார்ப்பாத் தெரியும்.”

“அப்படிச் சொல்லு” என்றார் முன்னாள் வங்கி மேலாளர். “தம்பி, உன் நம்பரைக் குடு.”

வாசலில் கோட்டுக்காரப் பெண் வந்து நின்றாள், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. “என்னக்கா இது, பல்லு கூசுது?”

தையல்காரிக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் இளம் காதுக்கு அங்கே ஓட்டுரிமை கிடையாது. அடுத்த பாட்டு தொடங்கியிருந்தது. அவளை நடைக்கு அழைத்துப்போய், மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கவைத்துக் கோட்டை மாட்டிவிட்டாள். ஒரு கைதான் நுழைந்திருந்தது, பெரியவர் ஒருவர் பாத்ரூமுக்கு வந்தார். “ஸாரிம்மா” என்று பக்கவாட்டில் உரசிக்கொண்டு போனார். பெண் சுவரோடு சுவராக ஒட்டினாள். அவர் திரும்பிப் போகும்போதும் ஒட்டினாள். அடுத்தவர் இருமிக்கொண்டு வருவது கேட்டது. பெண் கோட்டைக் கழற்றி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள், ஊசிகள் குத்தியது குத்தியபடியே.

“பரவாயில்லக்கா. மீதியை நான் வேற எங்கயாவது முடிச்சுக்கிறேன். தப்பா எடுத்துக்காதீங்க.”

“அடுத்த வாரம் வாயேன். நான் ஒரு திரை கட்டிடறேன்.”

“பாக்கறேன்க்கா” என்றாள் அவள். அந்தப் ‘பாக்கறேனு’க்கு என்ன பொருள் என்று தையல்காரிக்குத் தெரியும். அவளே பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நேரத்தில் சவுண்டுக்காரர் நடைக்கு வந்தார். “மனசுல வெச்சுக்காதீங்கக்கா. அஞ்சு வீட்டு வேலை. ஒரே நாள்ல வர்ற விஷயமா?”

“அஞ்சு வீட்லயும் அந்த ரூம்ல இப்ப யாராவது இருப்பாங்கல்ல?”

அவர் யோசித்தார். “மேனேஜர் சார் வீட்ல அவங்க அக்கா இருக்காங்களாம். மத்ததெல்லாம் தெரியல. அது அவங்க வீட்டு விஷயம்.”

உள்ளே இருந்து முன்னாள் மேலாளர் அவரைக் கூப்பிட்டார். தன் வீட்டுப் படத்தைத் தாளில் வரைந்து வைத்திருந்தார். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவே எத்தனை அடி விடுவது என்று இங்கேயே அளந்து காட்டச் சொன்னார். சவுண்டுக்காரர் பையைத் துழாவினார். தன் டேப்பை எடுத்துவர மறந்துவிட்டார். அவர் பார்வை தையல்காரியின் கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பில் போய் நின்றது.

“ரெண்டு நிமிஷம் குடுங்கக்கா.”

அவள் கழற்றிக் கொடுத்தாள்.