புடவைப் பெட்டிக்கு அளவான கேக்

கேக் என்றால் வட்டமாக இருந்தால் ஆகாதா என்று, வீட்டில் கேக் செய்து விற்கிற தீபாவுக்கு எரிச்சலாக வந்தது. அண்ணி வரலட்சுமி கேட்டது நீளமாக, ஒடுக்கமாக, ஒற்றைப் புடவை வைக்கிற அட்டைப்பெட்டிக்குள் கச்சிதமாக உட்காருகிற கேக். பள்ளிப்பட்டில் அண்ணன் குமரவேலின் தறிக்கூடத்தில் பழைய பெட்டிகள் குவிந்து கிடக்கின்றனவாம். வீணாகப் போவானேன் என்று அதிலேயே போட்டு விருந்தாளிகளுக்குக் கொடுக்கப் போகிறார்களாம். நெசவுக்காரர்களின் சிக்கனம் அப்படி.

எலுமிச்சை, தேங்காய், ஏலக்காய், பேரீச்சை, சாக்லேட் என்று ஐந்து ருசி வேண்டும். திருத்தணி மலைக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வருகிறவர்கள் சாப்பிடுவது, முட்டை கூடாது. பிள்ளைகள் சாப்பிடுவது, கலர் பொடி கூடாது. போனில் இவ்வளவையும் விலாவாரியாகச் சொன்ன அண்ணி, விசேஷத்துக்கு நீயும் வா என்று மட்டும் சொல்லவில்லை.

விசேஷம் வேறொன்றுமில்லை, குமரவேலின் மகளுக்கு மலையடிவார மண்டபத்தில் காதுகுத்து. தீபா அந்தக் குழந்தைக்குச் சொந்த அத்தை. ஆனால் எழிலனைத் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டு திருத்தணிக்கு வந்த நாளிலிருந்து அண்ணன் அவளோடு பேசுவதில்லை. பெற்ற நைனாவின் காரியத்தில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான். இந்தக் காதுகுத்துக்காவது கூப்பிடுவான் என்று அவள் மனசார நம்பிக்கொண்டிருந்தாள். வந்தது என்னவோ ஆர்டர்தான்.

"முடியாதுன்னு சொல்லிட வேண்டியதுதான?" என்றான் எழிலன், அரக்கோணத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டே.

"எப்டி சொல்றது? எங்கண்ணன் வூட்டு விசேஷம்."

"கூப்பிடாத விசேஷம்."

அவள் மாவு சலித்தாள்.

அவளுடைய ஓவனில் ஒரு நேரத்துக்கு இரண்டு பிரெட் டின்தான் வைக்கலாம். வைப்பதும் எடுப்பதும் ஆறவிடுவதும் அடுத்ததை ஊற்றுவதுமாகப் பகல் போயிற்று. நடுவில் கரண்ட் போய், தேங்காய் கேக் இரண்டு நடுவே குழிந்து உட்கார்ந்துவிட்டன. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி கலக்கினாள். கால் வீங்கிக்கொண்டது. இடுப்பு தனியாகக் கழன்று போய்விட்ட மாதிரி வலித்தது. எலுமிச்சை கேக் வெளிறிப்போய்ப் பார்க்கச் சகிக்கவில்லை. கலர் பொடி கூடாதே, அதனால் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள் போட்டாள். கேக் பளிச்சென்று வந்தது. அவள் விரல்களும்தான்.

மறுநாள் காலையில் பெட்டிகளை எடுத்துப்போக வீரபத்திரன் லோடு ஆட்டோவோடு வந்தார். நைனா காலத்திலிருந்து தறி ஓட்டுகிறவர். முதல் நாள் காலிப் பெட்டிகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டதும் அவர்தான்.

"ஆச்சா பாப்பா? மண்டபத்துல தேடிகினு இருப்பாங்க."

"ஆங், ஆச்சு. கடைசி பெட்டிதான்."

அந்தக் கடைசிப் பெட்டி கனத்தது. திறந்தால் உள்ளே ஒரு புடவை. அவர்கள் தறியில் ஓடியதுதான், அரக்குக் கரை போட்ட வெள்ளைப் பருத்தி. காலிப் பெட்டிகளோடு தவறி வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். எடுத்து ஓரமாக வைக்கப் போனவள் முந்தானை மூலையைப் பார்த்துத் திடுக்கிட்டாள். மஞ்சள் கறை. தன் விரல்களைப் பார்த்தாள். போச்சு.

ஓடிப்போனவள் என்ற பேர் ஏற்கெனவே இருக்கிறது, அண்ணன் வீட்டுப் புடவையைப் பாழாக்கினவள் என்பது வேறு சேர வேண்டுமா? சோப்பு போட்டால் மஞ்சள் சிவந்துவிடும் என்பது தறி வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாதா. மிச்சமிருந்த எலுமிச்சையைப் பிழிந்து, ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். வெளியே ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. கறை மங்கித் தேய்ந்தது. அந்த மூலை உள்ளே போகிற மாதிரி மடித்துப் பெட்டியை மூடினாள்.

"இது தப்பா வந்துடுச்சு. அண்ணங்கிட்ட குடுத்துடுங்க."

வீரபத்திரனுக்கு ஒன்றும் தெரியாது. சரிம்மா என்று வாங்கிக்கொண்டார்.

அவள் கால் நீட்டிப் படுத்துக் கண் அசருவதற்குள் போன் அடித்தது. அண்ணி.

"வேணாம்னா வேணாம்னு சொல்லியிருக்கலாம் தீபா. மஞ்ச வெச்சு அனுப்பின பொடவைய தொடச்சு திருப்பி அனுப்பறது என்னா பழக்கம்?"

"என்னா அண்ணி சொல்றீங்க?"

"வாய் தெறந்து கூப்பிட மனுஷனுக்கு வரல. அதான் தன் கையால மஞ்ச வெச்சு, பொட்டில வெச்சு அனுப்பினாரு. பாத்தா புரிஞ்சுக்குவா, கட்டிகினு வருவான்னு. காலைல இருந்து மண்டபத்து வாசலையே பாத்துகினு இருந்தாரு. இப்ப பொடவைய மடில வெச்சுகினு பேச்சில்லாம உக்காந்துகினு இருக்காரு. காது குத்த பத்தர் வந்தாச்சு. உங்கண்ணன் கொழந்தைய இப்ப தூக்கியார வேணாம்ன்றாரு."

பிறந்த வீடு வைத்த மஞ்சளை எந்தப் பெண்ணாவது துடைப்பாளா? இனி உறவே வேண்டாம் என்று இதைவிடத் தெளிவாகச் சொல்லவே முடியாது.

"போன அவருகிட்ட குடுங்க அண்ணி."

போன் கை மாறியது. மேளச் சத்தம் கேட்டது.

"அண்ணா, அது என் கை மஞ்சன்னு நெனச்சேன். கேக்குக்கு போட்டது. உன் பொடவைய கெடுத்துட்டேன்னு பயந்துபூட்டேண்ணா."

மேளச் சத்தம் தேய்ந்தது, அவன் போனோடு வெளியே வந்துவிட்டான்.

"பைத்தியம்," என்றான் குமரவேல். "உன் கை மஞ்சளாவே இருக்கட்டும். அத எதுக்கு தொடைக்கணும்?"

தீபா மாவு சிந்திய தரையிலேயே உட்கார்ந்து, இத்தனை அலுப்பையும் சேர்த்து அழுது தீர்த்தாள்.

"அழுதுகினு இருக்காத, கெளம்பு," என்றான் அவன். "கொழந்த தூங்கிடப் போவுது."