துளையில்லாத மூடி

செத்தவளுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கக்கூட இந்தக் காலத்து ஆட்களுக்கு முடியவில்லை. லேத் பட்டறைக்காரர் மனசுக்குள் நொடிகளை எண்ணினார். இருபத்து மூன்றாவது நொடியிலேயே நாற்காலிகள் கிறீச்சிட்டன; எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். கழுத்தில் அட்டை தொங்கிய ஒருவன் செல்போனைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான்.

அவருடைய மகள் அன்று விடியற்காலையில்தான் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டிருந்தாள். அறுத்துப் பார்த்து முடியும்வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். அவர் இருக்கவில்லை. மச்சினனை இழுத்துக்கொண்டு நேரே இங்கே வந்தார். நிறமாலை ஆராய்ச்சிக்காரர்களின் வட்டாரக் கருத்தரங்கு, இரண்டாம் நாள். அவள் பேச வேண்டிய இடத்தில் அவளுடைய பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

"ஆசிட் கழிவு இருந்த பாட்டிலை இறுக்கி மூடிட்டா. வாயு சேர்ந்து வெடிச்சிருச்சு. சின்னக் கவனக்குறைவு," என்று மைக்கைப் பிடித்துச் சொன்னார் அவர். "நமக்கெல்லாம் ஒரு பாடம்."

"பாடமாம்ல," என்று பட்டறைக்காரர் எழுந்தார்.

"மாமா, உக்காருங்க. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும்."

மேடையேறிக் கையை விரித்தார். நீல மூடி. மகளின் கழுத்திலிருந்து டாக்டர் எடுத்துத் தட்டில் போட்டதை இவர் எடுத்து வந்திருந்தார்.

"இதுல துளை எங்கய்யா? பாட்டில் மூச்சு விடணும்ப்பான்னு எம்பொண்ணு கேட்டா. இருபது மூடிக்கு நானே டிரில் போட்டுக் குடுத்தேன். துளையில்லாததை அவ தொடமாட்டா. மாத்துனது யாரு?"

"பெரியவரே, வெளியில போய்ப் பேசலாம்..."

முதல் அடியில் மூக்கு நொறுங்கிய சத்தம் மைக் வழியாக அரங்கு முழுக்கக் கேட்டது. இரண்டாவதில் கண்ணாடி தெறித்தது. மூன்றாவதில் பேராசிரியர் மேசையோடு சேர்ந்து விழுந்தார். பட்டறைக்காரர் நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தைப் பிடித்தார். மச்சினன் இடுப்பைக் கட்டி இழுத்தும் அசையவில்லை. நாற்பது வருஷம் இரும்பைப் பிடித்த கை.

ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்கும் அம்மாள் ஓரத்திலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தாள். "விடுங்கய்யா, செத்துருவாரு! நான்தான் மாத்துனேன்! விருந்தாளிங்க சுத்திப் பாக்க வர்றாங்க, நெடியடிக்குது, எல்லாத்தையும் இறுக்கி மூடுன்னு சார்தான் சொன்னாரு. பாப்பாகிட்ட நான் சொல்லலையே..."

பிடி தளர்ந்தது. "நெசமா?"

பேராசிரியர் ரத்தத்தைத் துப்பினார். "ஆமா."

"எழுது."

நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மூக்கிலிருந்து தாளில் சொட்டியது. யாரும் கிட்டே வரவில்லை.

படிக்கத் தெரியாத பட்டறைக்காரர் தாளை மச்சினனிடம் நீட்டினார். அவன் படித்தான். "மூடியை மாற்றச் சொன்னது நான். அவள்மேல் தவறில்லை."

"அவ்வளவுதானா? படிச்சவன் வேற எதையாவது நடுவுல சொருகியிருப்பான்."

"இல்ல மாமா. சத்தியமா."

"உன் சத்தியம் எனக்குத் தெரியாதா?"

தாளைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார். ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார். பேருந்து நிறுத்தத்தில் குடையோடு நின்ற பெண்ணிடம் நீட்டினார்.

"இதைக் கொஞ்சம் படிம்மா."

"ஐயோ, ரத்தம்..."

"அது கெடக்கட்டும். படி."

அவள் தள்ளி நின்றபடியே படித்தாள். அதே இரண்டு வரி. அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். பத்தடி தள்ளிப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் முன்னால் நின்று மறுபடி தாளைப் பிரித்தார்.